சூசெனின் கால்கள்

இருநூற்றுப் பதினான்காம் கிலோமீட்டர்.
ஊர் என்று சொல்ல ஒன்றுமில்லை.
ஒரு சிக்னல் கம்பம், இரண்டு வீடு;
தண்ணீர் வண்டி வெள்ளிக்கிழமை வரும்,
வராமலும் போகும்.
காராகும் மணலில் கிடக்கிறது தண்டவாளம்,
யாரோ கழற்றிப் போட்ட பெல்ட் மாதிரி.
என் வேலை அதன்மேல் ஏறிய மணலைத் தள்ளுவது.
காற்றின் வேலை திரும்பக் கொண்டுவருவது.
இருவர் சம்பளமும் என் பெயரில்தான் வருகிறது.

வடக்கே ஒரு மணற்குன்று,
அதன் தோளில் ஒற்றைச் சூசென்.
வெள்ளி இலை. ஆடு முகர்ந்து பார்த்து
முகத்தைத் திருப்பிக்கொள்ளும் கசப்பு.
இது அவரைக்குச் சொந்தம் என்றாள்
அஷ்காபாத்திலிருந்து வந்த ஒரு மாணவி,
காய்ந்த நெற்று ஒன்றைக் காற்றில் விட்டு.
முறுக்கிய சிறகோடு அது சுழன்று சுழன்று ஓடியது.
இருக்கட்டும். எல்லாருக்கும்
சொல்லிக்கொள்ளாத சொந்தம் எங்கோ இருக்கும்.

பதினோரு வருடம் முன்பு
என் தம்பி ஓவெஸ்
பெட்ரோல் தீர்ந்து, மணற்புயலில்,
பக்கவாட்டுப் பெட்டி வைத்த உரால் மோட்டார் சைக்கிளை
எங்கோ நிறுத்திவிட்டு நடந்தே வீடு வந்தான்.
இரண்டு நாள் தூங்கினான். எழுந்து போனால் வண்டி இல்லை.
"எங்கே விட்டாய்?"
"ஒரு வெள்ளைச் செடி பக்கத்தில்."
நான் எல்லாச் செடியையும் சுற்றி வந்தேன்.
இந்தச் சூசென் அப்போது
கழுத்தளவு மணலில் நின்றது,
குளிரில் போர்த்திக்கொண்டவளைப் போல.
அதனிடம் கேட்கத் தோன்றவில்லை.

அந்த வசந்தத்தில்தான் பக்கத்து வீட்டு சபர்கெல்தி
குளிர்சாதனப் பெட்டி வாங்கினான்.
போதாதா?
அவன் மனைவி பீபிஜெமால் கொடுத்தனுப்பிய ரொட்டியைச்
சூடு ஆறும்முன் திருப்பி அனுப்பினேன்.
இரண்டே வீடு. நடுவில் நாற்பது அடி.
நான்கு வருடம் அந்த நாற்பது அடியை
ஒருவரும் மிதிக்கவில்லை.
பிறகு அவர்கள் மாரி நகரத்துக்குப் போனார்கள்.
கதவையும் கழற்றிக்கொண்டு போனார்கள்.
பார், திருடன் என்றேன்,
கேட்க ஆளில்லாத வெளியில்.

இந்தச் சித்திரையில் ஒன்பது நாள் காற்று.
பத்தாம் நாள் மணற்குன்று
கொஞ்சம் தெற்கே நகர்ந்து உட்கார்ந்திருந்தது.
சூசென் தன் வேர்களின்மேல் நின்றது,
என்னைவிட உயரமான வேர்கள்,
சேலை தூக்கி ஆறு கடப்பவள் கால்போல.
அந்தக் கால்களுக்கிடையே ஒரு ஹேண்டில்.
பிறகு விளக்கு. பிறகு பெட்டியின் நீல மூக்கு.
சக்கரக் கம்பிகளின் ஊடே வேர்
உள்ளே போய் வெளியே வந்து மறுபடி உள்ளே போயிருந்தது,
வெகு நிதானமாகத் தைத்ததுபோல.
மேலே அது பாட்டுக்குப் பூத்திருந்தது,
மைத்துளி அளவு கருநீலப் பூக்கள்.

போன் எண்ணைத் தேட மூன்று நாள் ஆனது.
எடுத்ததற்கு அப்புறம் மூன்று நிமிடம் பேச்சில்லை.
"தாச்கோசெல்தானே? மூச்சு தெரிகிறது" என்றான்.
சொன்னேன்.
"விளக்குக் கண்ணாடி உடைந்திருக்கிறதா?"
"இல்லை."
"அப்படியென்றால் நான் கவனமான திருடன்" என்றான் சபர்கெல்தி.
சிரிக்கிறானா என்று கேட்பதற்குள்
சிமென்ட் ரயில் வந்துவிட்டது.
நாற்பத்தாறு பெட்டி. எண்ணினேன்.
ஓசை ஓய்ந்தபோது இணைப்பு இல்லை.

மறுபடி அழைக்கவில்லை. அழைப்பேன்.

மெர்சினில் கட்டடம் கட்டும் ஓவெஸ்
பழைய இரும்புக்குப் போடு என்கிறான்,
எந்த வண்டி என்று முதலில் கேட்டுவிட்டு.
இழுத்தால் வராது. வேரை அறுக்க வேண்டும்.
ரம்பத்தோடு போனேன்.
அறுப்பதா, வேண்டாமா என்று நின்றதில்
என் செருப்பு இரண்டும் மூடியிருந்தன.